எல்ம்: கற்றுத்தரும் கம்பைலர்

ஜாவாஸ்கிரிப்டில் பல ஆண்டுகளாக வேலை செய்துவரும் நான், நிரலைச் சார்புகளாக (ஃபங்ஷன்களாக) எழுதும் ஃபங்ஷனல் புரோகிராமிங்கை முறையாகக் கற்க விரும்பி, அதற்குப் பெயர்பெற்ற ஹாஸ்கெல் மொழியைத்தான் முதலில் எடுத்தேன். மோனாட் என்ற அதன் கடினமான கருத்தைப் பற்றிய விளக்கங்களிலேயே மாதங்கள் கழிந்தன, பயன்படும்படி ஒரு பக்கம்கூட உருவாகவில்லை. அதன்பின் எடுத்த எல்ம்தான் எனக்கு வழியைத் திறந்தது. 2012-இல் ஹார்வர்டு மாணவராக இருந்த எவன் சாப்லிக்கி தம் ஆய்வேட்டுக்காக வடிவமைத்த இந்த மொழி, இணையப் பக்கங்களின் முகப்பை எழுதுவதற்கென்றே உருவானது.

பழகிப் பார்ப்பதற்காக வீட்டுப் பால் கணக்கை எழுதினேன். ஒவ்வொரு நாளும் ‘வாங்கியது’ அல்லது ‘வாங்காதது’ என்ற இரண்டு வகைகளில் ஒன்றாக இருக்கும். சில வாரங்கள் கழித்து, பால் திரிந்துபோய் அதற்குப் பணம் தரவேண்டாத நாளையும் குறிக்க வேண்டியிருந்ததால், மூன்றாவதாக ஒரு வகையைச் சேர்த்தேன். உடனே, நிரலைச் சரிபார்த்து இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர், மாதக் கூட்டுத்தொகை, நாட்காட்டியின் நிறம், அச்சிடும் ரசீது ஆகிய மூன்று இடங்களிலும் புதிய வகைக்குப் பதில் எழுதப்படவில்லை என்று வரி எண்ணோடு காட்டியது. நான்காவதாக ஓரிடத்தில் வகையின் பெயருக்குப் பதில் அடிக்கோடு (_) போட்டு ‘மற்றவை எல்லாம்’ என்று பொதுவாக எழுதியிருந்தேன். அங்கே மட்டும் அது எதுவும் சொல்லவில்லை, கணக்கும் தவறியது. சோம்பலுக்காக அடிக்கோடு போடுவது கம்பைலரின் வாயை அடைப்பதற்குச் சமம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பட்டியலின் முதல் உறுப்பைக் கேட்கும்போதும் இதே கண்டிப்புதான். பட்டியல் காலியாக இருக்கக்கூடும் என்பதால், எல்ம் மதிப்பை மேபி என்ற உறையில் இட்டுத் தருகிறது; உறைக்குள் ஒன்றும் இல்லாத நிலைக்கும் பதில் எழுதினால்தான் நிரல் கம்பைல் ஆகும். பிழைச் செய்திகளோ, எதிரில் அமர்ந்து சொல்லிக்கொடுப்பவர் பேசுவதைப் போலவே இருக்கின்றன: எந்த வகையை எதிர்பார்த்தது, என்ன கிடைத்தது, எதைத் திருத்தலாம் என்பதை முழு வாக்கியங்களில் சொல்கின்றன. வேறெந்த மொழியிலும் பிழைச் செய்திகளை நான் இவ்வளவு நிதானமாக வாசித்ததில்லை.

குறைகளும் உண்டு. முழு எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் எல்ம் 0 என்று விடை தருகிறது. பதிவே இல்லாத மாதத்தின் தினசரிச் சராசரியும் அப்படித்தான் 0 என்று வந்தது; மற்ற இடங்களில் இவ்வளவு கறாராக இருக்கும் மொழி இங்கே விட்டுக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நாமே வரையறுத்த வகையை, சாவியைக் கொண்டு மதிப்பைத் தேடித்தரும் டிக்‌ஷனரியின் சாவியாக வைக்கவும் முடியாது. சர்வரிலிருந்து ஜேசன் என்ற உரை வடிவில் வரும் தரவுக்கு, அதைச் சரிபார்த்து எல்ம் மதிப்பாக மாற்றும் டிகோடரை ஒவ்வொரு புலமாக எழுதுவது முதல் வாரத்தில் பெரும் சலிப்பைத் தந்தாலும், எண் இருக்க வேண்டிய புலத்தில் ஒருநாள் நல் (மதிப்பே இல்லை என்ற குறி) வந்தபோது அந்தப் புலத்தின் பெயரையே சொல்லித் தடுத்தது அந்த டிகோடர்தான்.

2018-இல் வந்த 0.19 பதிப்பு, ஜாவாஸ்கிரிப்டை நேரடியாக அழைக்கும் வழியைப் பொது நிரலாளர்களுக்கு மூடிவிட்டது. செய்தி அனுப்பிப் பெறும் போர்ட் போன்ற சுற்றுவழிகளே மிஞ்சின. 2019-இன் 0.19.1-க்குப் பிறகு நீண்ட காலம் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஆகவே, பலர் சேர்ந்து பல ஆண்டுகள் பராமரிக்க வேண்டிய அலுவலகத் திட்டத்துக்கு இதை நான் பரிந்துரைக்கத் தயங்குவேன். கற்பவருக்கோ இந்த அசைவின்மை நன்மையாகவே அமைகிறது, ஏனெனில் பழைய பாடங்கள் காலாவதி ஆவதில்லை.

இப்போது ஹாஸ்கெல்லை மறுபடி திறந்திருக்கிறேன். மேபி அங்கும் அதே பெயரில் இருக்கிறது, ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே பதில் எழுதும் கேஸ் முறையும் பழகியதாகவே தெரிகிறது. வகையைக் குறிக்க எல்மில் ஒற்றை முக்காற்புள்ளி (:), பட்டியலின் தலையில் ஓர் உறுப்பைச் சேர்க்க இரட்டை (::). ஹாஸ்கெல்லில் இவை இரண்டும் இடம் மாறியிருப்பதைத்தான் கை இன்னும் பழகிக்கொள்ள வேண்டும்.