பிரிக்பீல்ட்ஸ் நாடாளுமன்ற வகுப்பு: 30 வெள்ளிக்குத் தாராளமாகப் போகலாம்

போன ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், நம் மலேசிய நாடாளுமன்றம் எப்படி இயங்குகிறது என்று தமிழில் அரைநாள் வகுப்பு. மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு 19 வயது, அடுத்த பொதுத்தேர்தலில்தான் முதல் ஓட்டு. ஆளுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வடையும் தேநீரும் சேர்த்து.

நடத்தியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மக்களவையின் 222 தொகுதிகளுக்கு 222 புளியங்கொட்டைகளை மேசையில் கொட்டி, 2022 நவம்பர் 19 தேர்தல் இரவு எப்படி இருந்ததோ அப்படியே பிரித்தார்: பக்காத்தான் ஹராப்பான் கூட்டணிக்கு 82, பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணிக்கு 73, தேசிய முன்னணிக்கு 30, மீதி ஒரு ஓரமாக. “ஆட்சி அமைக்க 112 வேணும், யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டார். என் மகள் எழுந்துபோய் 30ஐ 82 பக்கம் தள்ளினாள். எண்ணினால் சரியாக 112! அந்த அறையில் எழுந்த சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

“அப்ப நாம பிரதமருக்கு ஓட்டே போடலையா டீச்சர்?” என்று அவள் கேட்டாள். இல்லை, நாம் தேர்ந்தெடுப்பது நம் தொகுதி உறுப்பினரை மட்டும்தான், அவையில் பெரும்பான்மையோரின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்று மாமன்னர் கருதுகிறாரோ அவரைத்தான் பிரதமராக நியமிக்கிறார் என்று அரசியலமைப்பின் 43ஆம் விதியைப் படித்துக் காட்டினார். 2020இல் தேர்தலே இல்லாமல் ஆட்சி மாறியது எப்படி என்று இத்தனை வருடமாக எனக்குள் இருந்த ஆத்திரத்துக்கு அங்கேதான் விளக்கம் கிடைத்தது.

கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்கு ஒரு கொட்டையை மட்டும் நகர்த்தினார்: தானாகத் தாவினால் பதவி போகும், இடைத்தேர்தல் வரும். ஆனால் கட்சியே உறுப்பினரை நீக்கினால் பதவி போகாது. 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் இப்படி ஒரு சந்து இருப்பது எனக்குத் தெரியாது.

குறைகளும் உண்டு. திரையில் காட்டியதெல்லாம் மலாயில் மட்டும், பின்வரிசையில் இருந்த பாட்டிமார் பாவம். மேலவையைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அதன் 70 பேரில் 44 பேர் நியமனம், 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் அனுப்புகின்றன என்பதோடு சரி. மசோதாவை மேலவை எவ்வளவு காலம் தாமதப்படுத்தலாம் என்று கேட்டேன், நேரமில்லை என்றார்கள். அதற்கு இன்னொரு வகுப்பு வைத்தாலும் பணம் கட்டி வருவேன்.

வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, எல்.ஆர்.டி. ரயிலில் போங்கள். வீடு திரும்பும் வழியிலேயே மகள் எங்கள் தொகுதி உறுப்பினர் அவையில் என்ன பேசினார் என்று போனில் தேட ஆரம்பித்துவிட்டாள்.