காலை மடக்க எந்தப் பிளேயர்? ரெசிஸ்டர், டயோடு லீட் வளைக்கும் கைக்கருவிகள்

தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஹார்டுவேர் கடையில் நோஸ் பிளேயர் கேட்டால், பெரும்பாலும் கைக்கு வருவது வயரிங் வேலைக்கான பிளேயர்தான். தாடையின் உள்பக்கம் முழுக்கக் குறுக்குப் பல் வெட்டியிருக்கும். சுவிட்ச் பாக்ஸுக்குள் வயரைப் பிடித்து இழுக்க அந்தப் பல் வேண்டும். ரெசிஸ்டரின் காலுக்கு (அதன் லீட் கம்பிக்கு) அதே பல்தான் பகை. போர்டு வேலைக்குப் பிளேயர் வாங்கும்போது பிராண்டையும் விலையையும் அப்புறம் பார்க்கலாம், முதலில் வாயைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் வழவழவென்று இருந்தால் மேற்கொண்டு பேசலாம். இல்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள்.

கால் வாட் (1/4 வாட்) ரெசிஸ்டரின் லீட் கால் சுமார் 0.6 மி.மீ. தடிமன். போர்டு தயாரிப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் ஐபிசி (எலக்ட்ரானிக்ஸ் தொழிலின் தர அமைப்பு) தரவிதி, காலில் படும் வெட்டு அதன் தடிமனில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. அதாவது 0.06 மி.மீ., ஒரு தலைமுடி அளவு. பல் வைத்த பிளேயரில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே அந்த அளவு தாண்டிவிடும். தாண்டினால் இரண்டு கெடுதல். மேலே பூசிய தகரப் பூச்சு உரிந்து உள்ளிருக்கும் செம்போ இரும்போ வெளியே வந்து கறுத்துப்போகும், அந்த இடத்தில் ஈயம் சரியாக ஒட்டாது. இரண்டாவது, வெட்டு விழுந்த இடத்தில்தான் அதிர்வின் பாரம் குவியும். போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கான்டாக்டர் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் போர்டு குலுங்குகிறது. ஓசூரில் ஏதரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் தயாரிக்கிற மின் ஸ்கூட்டர்கள் ஓடும் பகுதி இது. வண்டிக்குள் உள்ள போர்டுக்கு ஓய்வே இல்லை. பெஞ்சில் நன்றாக வேலை செய்த போர்டு சில மாதம் கழித்து விட்டு விட்டு வேலை செய்வதற்கு இந்த வெட்டும் ஒரு காரணம். வெளியிலிருந்து பார்த்தால் சால்டர் பளபளவென்றுதான் இருக்கும், அதனால் கண்டுபிடிப்பதும் கஷ்டம்.

எந்தக் கருவி வாங்கினாலும் அதை அளக்க இரண்டு அளவு தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, உடலுக்கும் வளைவு தொடங்கும் இடத்துக்கும் நடுவே நேரான பகுதி: காலின் முழுத் தடிமன் அல்லது 0.8 மி.மீ., இரண்டில் எது அதிகமோ அது. இன்னொன்று, வளைவின் உள் ஆரம்: 0.8 மி.மீ. வரையுள்ள காலுக்கு ஒரு தடிமன், 1.2 மி.மீ. வரை ஒன்றரை, அதற்கு மேல் இரண்டு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு இறுக்கமான விஷயம் என்று புரியும். கால் வாட் ரெசிஸ்டரின் உடல் 6.3 மி.மீ. ஓட்டை இடைவெளி 10.16 மி.மீ. என்றால் இருபுறமும் 1.93 மி.மீ. மிஞ்சும். அதில் வளைவுக்கு 0.9 (உள் ஆரம் 0.6, காலின் பாதித் தடிமன் 0.3) போக, நேரான பகுதி 1.03. சரியாக இருக்கிறது. அதே ரெசிஸ்டரை 7.62 ஓட்டையில் படுக்கப் போட்டால் இருபுறமும் 0.66 மி.மீ.தான், வளைவுக்கே இடமில்லை. அப்போது காலை உடலோடு ஒட்டி மடக்குவார்கள், முனையில் உள்ள மூடி தளரும், பெயின்ட் விரியும். எந்தக் கருவியும் இதைச் சரிசெய்யாது. நிற்க வைத்துப் பொருத்துங்கள், இல்லையென்றால் எட்டில் ஒரு வாட் போடுங்கள். 1என்4007 டயோடு 10.16-இல் தாராளமாக உட்காரும். 1என்4148 சின்ன உடம்பு, 7.62 போதும். ஆனால் அது கண்ணாடி உடம்பு. உடலைப் பிடித்து வளைத்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும்.

இனி கருவிகளுக்கு வருவோம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பல் இல்லாத தட்டை மூக்குப் பிளேயர். 115 முதல் 130 மி.மீ. நீளம், மேலே சொன்ன நேரான பகுதிக்குள் அடங்கும் குறுகலான நுனி, கைப்பிடியில் ஸ்பிரிங். இதன் வேலை வளைப்பது அல்ல, பிடிப்பது. உடலுக்கும் வளைவுக்கும் நடுவே காலைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை விரலால் மடக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் வளைக்கும் விசை முழுக்கப் பிளேயரில் நின்றுவிடும், உடலுக்குப் போகாது. பிளேயரால் காலைப் பிடித்துத் திருகுவது தலைகீழ் வேலை. தட்டை மூக்கில் ஒரு குறை, விளிம்பு கூர்மையாக இருந்தால் மடிப்பும் கூர்மையாக விழும். 600 எமரி தாளால் விளிம்பை லேசாக மழுக்கிவிட்டால் தீரும்.

வட்ட மூக்குப் பிளேயர் அடுத்தது. கூம்பு வடிவம் என்பதால் நுனியில் பிடித்தால் சின்ன வளைவு, உள்ளே தள்ளிப் பிடித்தால் பெரிய வளைவு. ரெசிஸ்டருக்குக் கூம்பு 1.2 மி.மீ. விட்டமுள்ள இடம் வேண்டும். வெர்னியரில் அளந்து அந்த இடத்தில் பெர்மனன்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இது செய்யாதவர்களின் போர்டில் ஒரே வரிசையில் பத்து ரெசிஸ்டரும் பத்து உயரத்தில் நிற்கும். 1என்5408 டயோடு மாதிரித் தடித்த காலுக்கு இந்தப் பிளேயரின் நுனி ஆகாது. அதன் கால் 1.3 மி.மீ. வரை வரும், உள் ஆரம் 2.6 வேண்டும். 5.5 மி.மீ. டிரில் பிட்டின் தண்டைச் சுற்றி வளைத்தால் சரியாக வரும்.

இந்த இரண்டும் கிடைக்கவில்லை என்றால் ஹார்டுவேர் கடையைவிட நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். தங்கக் கம்பியில் தடம் விழக் கூடாது என்பதால் பொற்கொல்லர் குறடுகள் பல் இல்லாமல்தான் வரும், தட்டையும் வட்டமும் இரண்டும் உண்டு. அதிகம் செலவழிக்க முடிந்தவர்களுக்கு ஜெர்மனியின் நிபெக்ஸ் 35 வரிசை எலக்ட்ரானிக்ஸ் பிளேயர். தினமும் எட்டு மணி நேரம் பெஞ்சில் உட்காருபவருக்குத்தான் அந்தக் காசு செரிக்கும்.

கடையிலேயே சோதித்து வாங்குங்கள். வாயை மெல்ல மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நுனிகள் முதலில் தொட வேண்டும். நுனி பிரிந்து அடிப்பக்கம் தொட்டால் மெல்லிய கால் நழுவும். கைப்பிடியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், கீலில் ஆட்டம் இருந்தால் வேண்டாம். பாக்கெட்டில் நாலு ரெசிஸ்டர் கொண்டுபோய் ஒன்றை வளைத்து, மடித்த இடத்தில் நகத்தால் வருடிப் பார்ப்பது எல்லாவற்றையும்விட நல்ல சோதனை. நகம் தட்டினால் அந்தப் பிளேயர் உங்களுக்கானது அல்ல. ஏற்கெனவே வீட்டிலிருக்கும் பல் பிளேயருக்கு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் மாட்டினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். மாட்டலாம், ஆனால் நுனி தடித்து 0.8 மி.மீ. இடைவெளிக்குள் நுழையாது. கிரைண்டரில் பல்லைத் தேய்த்தால் சூட்டில் நுனியின் பதம் போய்விடும்.

படிப்படியாக அகலம் கூடும் பிளாஸ்டிக் ஜிக் (கால் வளைக்கும் அச்சு) மலிவு, வாங்கி வைக்கலாம். ஒருபக்கம் கால் வாட்டுக்கு, மறுபக்கம் அரை வாட்டுக்கு. நடுப்பள்ளத்தில் உடலை வைத்து இரண்டு கட்டை விரலாலும் காலைக் கீழே அழுத்தினால் வேலை முடிந்தது. ஒரே அளவில் ஐம்பது ரெசிஸ்டர் வளைக்க இதைவிட வேகமான கைக்கருவி இல்லை. குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சாதாரணமாகக் கிடைக்கும் ஜிக்கில் மிகக் குறுகிய படியே 10 மி.மீ. அளவில்தான் தொடங்கும், ஆக 1என்4148-க்கு உதவாது. வார்ப்பின் ஓரத்தில் பிசிறு இருந்தால் 400 எமரி தாளால் தேய்த்துவிட வேண்டும். மலிவு ரெசிஸ்டர்களின் கால் செம்பு பூசிய இரும்பாக இருக்கும் (காந்தத்தை வைத்தால் ஒட்டும்). அது நாளடைவில் பிளாஸ்டிக்கில் பள்ளம் பறித்து அளவைக் கெடுக்கும். இரும்புக் கால் கொஞ்சம் திரும்பி நிமிரவும் செய்யும், 90 பாகைக்கு மேல் இரண்டு மூன்று பாகை கூடுதலாக அழுத்தினால்தான் நேராக நிற்கும்.

ஜிக்கை நீங்களே செய்வது இன்னும் நல்லது. 1.6 மி.மீ. எஃப்ஆர்4 (கண்ணாடி இழை) போர்டுத் துண்டை 9.5 மி.மீ. அகலத்துக்கு அறுத்து, ஒரு விளிம்பின் நடுவில் உடல் உட்காரப் பள்ளம் அரத்தால் எடுத்து, காலை மடக்கும் இரண்டு மூலைகளையும் உருட்டிவிட்டால் 10.16 ஓட்டைக்கான ஜிக் தயார். ஓட்டை இடைவெளியில் காலின் தடிமனைக் கழித்தால் துண்டின் அகலம், அவ்வளவுதான் சூத்திரம். சரிபார்க்க ஜீரோ பிசிபி (வரிசையாக ஓட்டை போட்ட வெற்று போர்டு) போதும், ஓட்டைக்கு ஓட்டை 2.54, நான்கு இடைவெளி சேர்ந்தால் 10.16. அறுக்கும்போது கண்ணாடி இழைத் தூள் பறக்கும்; முகக்கவசம் கட்டி, தண்ணீர் தொட்டு அறுங்கள்.

வளைத்து வெட்டி ஒரே அழுத்தில் முடிக்கும் ஃபார்மிங் பிளேயர்களும் உண்டு. இத்தாலியின் பியர்ஜியாகோமி இந்த வகையில் தெரிந்த பெயர். நல்ல கருவி, ஆனால் ஒரு பிளேயர் ஒரு வடிவத்துக்குத்தான். ஓசூர் சிட்கோவில் ஒரே ஸ்டெபிலைசர் போர்டை மாதாமாதம் போடும் யூனிட்டுக்குச் சரி, ரிப்பேர் கடைக்கு வீண். ஆயிரக்கணக்கில் போனால் டேப்பில் வரிசையாக ஒட்டி வரும் ரெசிஸ்டர்களை வளைக்கும், கையால் சுற்றும் மெஷின் பக்கம் போய்விடலாம்.

டிஓ-220 டிரான்சிஸ்டருக்கு (மூன்று காலும் திருகு ஓட்டையுள்ள தகடும் கொண்டது) மேலே சொன்ன ஜிக் எதுவும் ஆகாது. மூன்று காலையும் சேர்த்து உடலை ஒட்டித் தட்டை மூக்கால் பிடித்து, உடலிலிருந்து 3 மி.மீ. தள்ளி, அகலப் பக்கமாக மட்டும் மடக்குங்கள். பக்கவாட்டில் விரித்தால் கால் உடலுக்குள் நுழையும் இடத்தில் விரிசல் விழுந்து ஈரம் இறங்கும். மடக்கியதைத் திரும்ப நிமிர்த்த வேண்டாம். முதலில் மடக்கு, பிறகு ஹீட் சிங்க்கில் திருகு, கடைசியில் சால்டர். வரிசை மாறினால் திருகை இறுக்கும் விசை முழுக்கக் காலில் ஏறும். எல்இடிக்கும் அதே 3 மி.மீ. எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரைப் படுக்க வைக்கும்போது ரப்பர் அடைப்பை ஒட்டிக் காலை இழுக்காதீர்கள், அடைப்பு தளர்ந்து திரவம் கசியும். ஒரு வாட்டும் அதற்கு மேலும் சூடாகும் ரெசிஸ்டருக்கு, வட்ட மூக்கால் காலில் ஒரு சின்ன முழங்கை வளைத்து, போர்டிலிருந்து 1.5 மி.மீ.யாவது தூக்கி நிறுத்துங்கள்.

ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு எஸ்.பி. ரோடு சுமார் 40 கிலோமீட்டர். தர்மபுரிக்காரர்கள் பிளேயருக்காக மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, காம்பொனன்ட் வாங்கப் போகும்போது சேர்த்து வாங்கலாம். ஆன்லைனில் வாங்கினால் தாடையின் உள்பக்கம் தெரியும் படம் இல்லாத பிளேயரை ஆர்டர் செய்ய வேண்டாம்.