பிறந்த குழந்தைக்கு வாங்கியதில் ஒரு வருடம் உழைத்தவை

எங்கள் மகள் ஐப்பசி மழையில் பிறந்தாள். இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறாள். ஒரே சம்பளத்தில் ஓடுகிற வீடு என்பதால் ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் வாங்கினோம். சிக்கனமாக வாங்க நினைப்பவர்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதத்துக்குத் துணியில் மட்டும் தாராளமாக இருங்கள். நாளுக்குப் பத்துத் தடவையாவது மாற்ற வேண்டிவரும். டயபர் ஒன்று பத்து ரூபாய் என்றாலே மாதம் 3,000 ஆகிவிடும். நாங்கள் பகலில் துணி, இரவிலும் வெளியே போகும்போதும் மட்டும் டயபர் என்று வைத்துக்கொண்டோம். பழைய நாலு முழ வேட்டி ஒன்றைக் கிழித்தால் ஆறு துணி வரும். துவைத்துத் துவைத்து நைந்த பருத்தியின் மென்மை புதுத் துணிக்கு வராது. மழைக்காலப் பிரசவம் என்றால் இரண்டு மடங்கு சேர்த்து வையுங்கள். நாங்கள் ஃபேனுக்குக் கீழே கொடி கட்டித்தான் காயவைத்தோம்.

சட்டைக்குத் திருப்பூர் காதர்பேட்டை போனோம். முன்பக்கம் திறந்து நாடா கட்டுகிற ஜப்லாதான் நல்லது. தொப்புள் கொடி விழும்வரை தலைவழியாக மாட்டுவது சிரமம். பிறந்த எடை ஐந்தாம் மாதத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும், அதனால் சின்ன அளவில் நாலைந்து போதும். அங்கே ஒரு கடையில் மெத்தை, தலையணை, பிரஷ், சீப்பு எல்லாம் அடங்கிய செட்டை எடுத்துக் காட்டினார்கள். அத்தை உடனே, "இதுல பாதிய யாரும் தொடக்கூட மாட்டாங்க, கண்ணு. அந்தக் காசுக்குக் குழந்தைக்கு அடியில விரிக்கிற டிரை ஷீட் இன்னொண்ணு வாங்கிக்கோ" என்றார். குழந்தைக்குத் தலையணையே வேண்டாம் என்று டாக்டரும் சொன்னார்.

அந்த டிரை ஷீட்தான் எங்கள் காசுக்கு அதிகம் உழைத்தது. மேலே பஞ்சு போன்ற துணி, அடியில் ஈரம் இறங்காத படலம். வெந்நீரில் ஊறப்போட்டாலோ உச்சி வெயிலில் காயப்போட்டாலோ அந்தப் படலம் உரிந்துவிடும். பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் போட்டதால் எங்களுடையது இன்னும் ஒழுகாமல் இருக்கிறது. ஒன்று துவைக்க, ஒன்று விரிக்க என இரண்டு கட்டாயம் வேண்டும்.

அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால் எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கொசுவலை எதையும் முன்கூட்டி வாங்காதீர்கள். 2015-இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் உண்டு. தாய்க்கான சௌபாக்கிய சுண்டி லேகியம்கூட இருக்கும். கொடுத்ததைப் பார்த்துவிட்டு மீதியை வாங்கலாம்.

பால் பாட்டில், அதைக் கொதிக்கவைக்கும் மின்சாதனம் எதுவும் நாங்கள் வாங்கவில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். பால் பாட்டிலை விளம்பரப்படுத்தவே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. பீய்ச்சி வைத்த பாலைப் புகட்ட எவர்சில்வர் பாலாடையே போதுமாக இருந்தது. தாய்ப்பால் போதவில்லை என்று டாக்டர் சொன்னால் அது வேறு விஷயம். அங்கே செலவைப் பார்க்காதீர்கள்.

டிஜிட்டல் தெர்மாமீட்டரும் அப்படித்தான், முதல் நாளிலிருந்தே வீட்டில் இருக்கட்டும். ஆறாவது வார ஊசி போட்ட ராத்திரி உடம்பு சுட்டபோது, கையால் தொட்டுப் பார்த்துத் தவிக்காமல் டாக்டரிடம் அளவைச் சொல்ல முடிந்தது. அந்த ஊசிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மறக்காமல் தடுப்பூசி அட்டையைக் கொண்டுபோங்கள்.

நடைவண்டி? அந்த உட்காரும் வாக்கரைச் சொல்கிறேன். வேண்டவே வேண்டாம். ஆபத்து என்று கனடாவில் 2004-லேயே தடை செய்துவிட்டார்கள். யாராவது பரிசாகத் தர நினைத்தால், அதற்குப் பதில் டிரை ஷீட் கேளுங்கள்.