சின்ன எஸ்எம்டி பாகங்களைக் கழற்ற எந்த வழி: ஒரு அயர்னா, இரண்டா, ஹாட் ஏரா?

எஸ்எம்டி என்றால் துளையில்லாமல் போர்டின் மேற்பரப்பிலேயே சால்டர் செய்யும் பாகம். அதில் 0805 அளவு ரெசிஸ்டர் ஒன்றின் நீளம் 2 மி.மீ., அகலம் 1.25 மி.மீ. 0603 என்றால் 1.6-க்கு 0.8. இவற்றைக் கழற்ற, சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் ஸ்டேஷன் இருந்தே தீர வேண்டும் என்று நினைத்து, சரிசெய்யக்கூடிய போர்டைக்கூடப் பலர் ஓரமாக வைத்துவிடுகிறார்கள். சாதாரண சால்டரிங் அயர்ன், ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாக ஓட உதவும் பசை), கொஞ்சம் ஈயம் (ஈயம் கலந்த சால்டர்) இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். எந்தப் பாகத்துக்கு எந்த வழி என்பதில்தான் கவனம் வேண்டும்.

அதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: காப்பாற்ற வேண்டியது பாகத்தையா, போர்டையா? பழுதான பாகம் எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது. பாகம் ஒட்டியிருக்கும் செம்புத் திட்டான பேடு பிய்ந்தால்தான் உண்மையான நஷ்டம். பேடு ஏன் பிய்கிறது? கண்ணாடி இழையும் எப்பாக்ஸிப் பிசினும் சேர்ந்த சாதாரண எஃப்ஆர்-4 போர்டில், அந்த எப்பாக்ஸி சுமார் 130–140 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பிக்கும். டின் 63, ஈயம் 37 கலந்த சால்டர் உருகுவது 183 டிகிரியில். ஈயமே இல்லாத லெட் ஃப்ரீ சால்டருக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆக, சால்டர் உருகும் நேரத்தில் பேடைப் பிடித்திருக்கும் அடித்தளம் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. ஒரு முனை உருகி மறுமுனை உறைந்திருக்கும்போது ட்வீசரால் இழுத்தால், சால்டர் விடாது, பேடு விட்டுவிடும். அதனால் ஒவ்வொரு வழியையும் நான் ஒரே அளவுகோலால்தான் பார்க்கிறேன்: எல்லா முனைகளையும் ஒரே நேரத்தில் உருக வைக்கிறதா?

இரண்டு முனை உள்ள சின்னப் பாகங்களுக்கு என் முதல் தேர்வு ஒற்றை அயர்ன்தான். கூர்மையான பிட் (அயர்னின் நுனி) வேண்டாம். உளி வடிவத்தில் அகலமாக இருப்பது வேண்டும். ஃப்ளக்ஸைத் தடவி, இரண்டு முனையிலும் புதிதாக ஈயம் வைத்து, பாகத்தின் பக்கவாட்டில் இரண்டும் ஒன்றாகச் சேரும்படி நிறைய ஊற்றிவிடுங்கள். பழைய லெட் ஃப்ரீ சால்டரோடு ஈயம் கலந்தால் உருகுநிலையும் இறங்கும். பிட்டை நீளவாக்கில் பக்கத்தில் சாய்த்து வைத்தால் இரண்டு முனையும் சேர்ந்தே உருகி, பாகம் தானாக நழுவும். பல நேரம் பிட்டிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மூன்று கால் உள்ள எஸ்ஓடி-23 டிரான்சிஸ்டருக்கும் இதே வழிதான். நழுவவில்லை என்றால் அடியில் சிவப்புப் பசை இருக்கலாம். அப்போது மேலே தூக்காதீர்கள். சால்டர் உருகிய நிலையிலேயே பாகத்தை லேசாகத் திருகினால் பசை உடைந்துவிடும்.

இந்த வழியில் குறையும் உண்டு. செராமிக் கப்பாசிட்டருக்குத் திடீர்ச் சூடு ஆகாது. வெளியே தெரியாமல் உள்ளே கீறல் விழக்கூடும். கழற்றிய செராமிக் கப்பாசிட்டரைத் திரும்பப் போடவே வேண்டாம் என்பேன்.

1206-ஐவிடப் பெரிய பாகம், டான்டலம் கப்பாசிட்டர், தடித்த டையோடு இவற்றுக்கெல்லாம் ஒற்றை பிட் எட்டாது. அங்கே இரண்டு அயர்ன் பிடித்து, முனைக்கு ஒன்றாக வைத்துத் தூக்குவது நன்றாக வேலை செய்யும். சூடு சீராகப் போகும், நேரமும் குறைவு. ஆனால் இரண்டு கையும் மாட்டிக்கொள்வதால் போர்டை ஏதாவது ஒன்றில் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். நெருக்கமான போர்டில் இரண்டாவது பிட்டுக்கு இடமே கிடைக்காது.

எட்டு, பதினாறு கால் உள்ள ஐசிக்கு வந்தால் போட்டி கடுமையாகிறது. ஐசி செத்துவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால், கூரான சின்ன கட்டரால் கால்களை உடலை ஒட்டி வெட்டி, மிச்சத்தை ஒவ்வொன்றாக அயர்னால் எடுப்பதுதான் போர்டுக்கு மிகக் குறைந்த சூடு தரும் வழி. பலர் இதைக் கரடுமுரடான வேலை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிளேடால் அழுத்தி அறுப்பதை மட்டும் தவிருங்கள், அடியில் ஓடும் டிராக் (செம்புக் கோடு) அறுந்துபோகும்.

ஐசி உயிரோடு வேண்டுமென்றால் இரண்டு வழிகள். ஒன்று, தடித்த செம்புக் கம்பியை வளைத்து இரு பக்கக் கால்களின் மேலும் படுக்கவைத்து, ஈயத்தால் மூடுவது. கம்பி சூட்டைக் கடத்தும், எல்லாக் காலும் சேர்ந்து உருகும். செலவில்லை, ஆனால் போர்டுக்கு ஏறும் சூடு அதிகம். இன்னொன்று, பிஸ்மத் கலந்த, குறைந்த சூட்டில் உருகும் அலாய். பிஸ்மத் 58, டின் 42 கலவை 138 டிகிரியிலேயே உருகிவிடும். பழைய சால்டரோடு கலந்தபின் பல விநாடிகள் உறையாமல் இருப்பதால், சாதாரண அயர்னோடு கால்களைச் சுற்றி வர நேரம் கிடைக்கிறது. மென்மையில் இதற்கு இணை இல்லை. நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் வேலை முடிந்ததும் அந்த அலாயை முழுக்க எடுத்தாக வேண்டும். பிஸ்மத், ஈயம், டின் மூன்றும் சேர்ந்தால் சுமார் 96 டிகிரியிலேயே உருகும் கலவை உருவாகலாம். சூடாகும் போர்டில் அப்படி ஒரு இணைப்பு நிற்காது.

ஹாட் ஏர் எங்கே அவசியம்? வயிற்றுக்கு அடியில் பேடு உள்ள கியூஎஃப்என், பிஜிஏ போன்றவற்றுக்கு. அங்கே மேலே சொன்ன எதுவும் எட்டாது. சின்ன ரெசிஸ்டருக்கு அதை எடுத்தால், பக்கத்துப் பாகங்கள் காற்றில் நகரும், பிளாஸ்டிக் கனெக்டர் இளகும். சூடு தாங்கும் கேப்டன் (Kapton) டேப்பால் அவற்றை மறைத்த பிறகே ஊதுங்கள்.

கிரவுண்ட் பிளேனோடு (போர்டில் கிரவுண்டுக்காகப் பரவியிருக்கும் பெரிய செம்புப் பரப்பு) இணைந்த முனை எந்த வழியிலும் படுத்தும், சூட்டையெல்லாம் செம்பு இழுத்துக்கொள்வதால். அயர்னின் வெப்பநிலையை ஏற்றிக்கொண்டே போவதைவிடப் பெரிய பிட் மாட்டுவதும், போர்டைக் கீழிருந்து கொஞ்சம் சூடாக்குவதும் மேல்.

உருகிய சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னலான டிசால்டரிங் விக்கைக் கழற்றும் கருவியாகப் பலர் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. எவ்வளவு உறிஞ்சினாலும் பாகத்துக்கு அடியில் மெல்லிய படலம் மிஞ்சி அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பாகம் போன பிறகு பேடைச் சமப்படுத்தத்தான் விக். தேய்க்காமல், ஃப்ளக்ஸ் போட்டு அழுத்தாமல் வைத்து, விக்கையும் அயர்னையும் சேர்த்தே எடுங்கள். அயர்னை முதலில் எடுத்தால் விக் பேடோடு உறைந்துவிடும். பிறகு விக்கை இழுத்தால் பேடும் கூடவே வந்துவிடும்.