தாய்லாந்தில் இங்கிலீஷ் டீச்சர்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் டிகிரி முடித்துவிட்டு வெளிநாடு பார்க்கும் பிள்ளைகளும் பெற்றோரும் கவனிக்கவும். "தாய்லாந்தில் வாலண்டியர் இங்கிலீஷ் டீச்சர், தங்குமிடம் சாப்பாடு இலவசம், பயிற்சிக் கட்டணம் மட்டும் 48,000" என்று வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை நம்பிக் கட்டியவர்களிடம் இன்று மிஞ்சியிருப்பது ஒரு சான்றிதழ் மட்டும்தான். பணம் ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்குப் போயிருக்கிறது. ரசீது கிடையாது.

அந்தச் சான்றிதழில் தங்க முத்திரையும் "டெஃபல், 120 மணி நேரம்" என்ற வரியும் இருக்கின்றன. வகுப்பு நடந்ததோ ராமநாதபுரத்தில் ஒரு மண்டபத்தில், நாலே ஞாயிற்றுக்கிழமை. எப்படிக் கூட்டினாலும் 120 வராது. டெஃபல் என்பது இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரும் துறையின் பெயர். அந்தப் பெயரில் யாரும் தாள் அச்சடிக்கலாம்.

கேட்க வேண்டியது ஒரே கேள்வி: நிஜ மாணவர்கள் முன்னால் நான் எத்தனை மணி நேரம் பாடம் நடத்துவேன், யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? கேம்பிரிட்ஜின் செல்டா, டிரினிட்டியின் செர்ட்-டீசால் என்ற இங்கிலீஷ் ஆசிரியர் பயிற்சிகள் இரண்டிலும் குறைந்தது 6 மணி நேரம் அப்படி நடத்தியாக வேண்டும். செல்டாவில் சேரும் முன்பே நேர்காணல் உண்டு. பயிற்சியைச் சோதிக்க வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வருவார். அந்த மண்டபத்தில் நேர்காணலும் இல்லை, மாணவரும் இல்லை.

இது சின்னக் குறை இல்லை. "ஐ ஹேவ் பீன் டு பாம்பன்" என்ற வாக்கியத்தை நாம் இங்கே தமிழில் விளக்கிவிடுகிறோம். தாய்லாந்துப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, நமக்குத் தாய்லாந்து மொழி தெரியாது. அங்கே எளிய இங்கிலீஷில் கேட்டுத்தான் புரிந்ததா என்று பார்க்க முடியும்: இதைச் சொல்பவர் பாம்பனுக்குப் போயிருக்கிறாரா? ஆமாம். இப்போது அங்கே இருக்கிறாரா? இல்லை. எப்போது போனார் என்று தெரியுமா? தெரியாது. இப்படிக் கேள்வி கோக்கும் பழக்கம் பாடம் நடத்தி, தப்புப் பண்ணி, திருத்தம் வாங்கினால்தான் வரும். நோட்ஸ் எழுதி வராது.

அடுத்தது விசா. "சுற்றுலாவாகப் போய் இறங்குங்கள், மற்றதை அங்கே பார்த்துக்கொள்வார்கள்" என்று சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். தாய்லாந்தில் சம்பளம் வாங்காத வேலைக்கும் வொர்க் பெர்மிட் வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், பிறகு நாடுகடத்தல். எந்தப் பள்ளி, அது எந்தப் பதிவில் இயங்குகிறது என்று தெரிந்து, அந்தப் பள்ளியின் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். 2022-இல் தாய்லாந்து வேலை என்று நம்பிப் போன தமிழ்ப் பிள்ளைகள் மியான்மரில் மோசடிக் கும்பலிடம் மாட்டியதை மறக்க வேண்டாம்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் பெயரைத் தேடலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். "வாலண்டியர்", "பயிற்சிக் கட்டணம்" என்று பெயர் மாற்றுவதே இந்தப் பிடியிலிருந்து நழுவத்தான் என்று நினைக்கிறோம்.

ஏற்கெனவே கட்டியவர்கள் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே போன் பண்ணுங்கள். தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்ந்துவிடும். ஜிபே பரிவர்த்தனை எண், விளம்பரப் படம், வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் போலீசில் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரே ஏஜெண்டிடம் கட்டியவர்கள் சேர்ந்தே போங்கள்.