பழைய ஸ்டார் டிராக் ரீலுக்கு எந்த வாஷர்: தோலா, வெறும் கார்பனா, கிரீஸ் தடவிய கார்பனா?

பழைய கடல் மீன்பிடி ரீலைப் பிரித்தால் பாதி வேலை சுத்தம் செய்வதிலேயே போய்விடும். பித்தளையில் ஏறிய பச்சைக் களிம்பு, காய்ந்து மெழுகாகிப்போன கிரீஸ், திருகுத் தலையில் படிந்த உப்பு எல்லாம் பொறுமையிருந்தால் கழன்றுவிடும். யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடம் டிராக்தான், அதாவது மீன் இழுக்கும்போது தூண்டில் நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கும் பிரேக். கைப்பிடியருகே உள்ள நட்சத்திர வடிவத் திருகால் (ஸ்டார்) இறுக்குவது ஸ்டார் டிராக். உள்ளே இருக்கும் தோல் வாஷரையே பதப்படுத்தி மாட்டலாம், கார்பன் நார் நெசவு வாஷர் வாங்கி வெறுமனே மாட்டலாம், அதே கார்பனில் டிராக் கிரீஸ் தடவியும் மாட்டலாம். நான் வைத்திருப்பது மூன்றாவது வகை. இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

பென் (Penn) நிறுவனத்தின் செனட்டர் 4/0 (4/0 என்பது ரீலின் அளவு) மாதிரியான ரீலை மனதில் வைத்தே எழுதுகிறேன். பென் 1932-ல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது, செனட்டர் வரிசை 1936-ல் வந்தது. உள்ளமைப்பு பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறாததால் இன்றும் உதிரிபாகம் தேடிப் பிடிக்க முடிகிறது. பழையதை எடுத்துச் சீர் செய்ய இதைவிடத் தோதான ரீல் குறைவு.

டிராக் அடுக்கு வேலை செய்யும் விதம் புரிந்தால் மற்றது எளிது. பெரிய கியரின் குழிக்குள் பொதுவாக மூன்று உராய்வு வாஷர்கள், இடையிடையே உலோக வாஷர்கள். உலோகத்தில் இரண்டு வகை உண்டு. நடு ஓட்டை இருபுறமும் தட்டையாக இருப்பது கியரின் நடுவே கைப்பிடியோடு இணைந்திருக்கும் ஸ்லீவ் என்ற குழலைப் பற்றிக்கொண்டு நிற்கும். வெளிவிளிம்பில் காது நீட்டியிருப்பது கியரோடு சேர்ந்து சுற்றும். மீன் இழுக்கும்போது கியர் சுற்றப் பார்க்கிறது. பின்சுழல் தடுப்புக் கொக்கி ஸ்லீவைச் சுற்றவிடாமல் பிடித்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே வழுக்குவது அந்த மூன்று வாஷர்கள்தான். குழியின் அடியில் உராய்வு வாஷர், அதன் மேல் தட்டை ஓட்டை உலோகம், பிறகு உராய்வு, காதுள்ளது, உராய்வு, கடைசியாக மறுபடி தட்டை ஓட்டை. இந்த வரிசை மாறினால் ஒரு வாஷராவது வேலையே செய்யாது, டிராக்கின் பலம் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும்.

தோலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நன்றாக எண்ணெய் ஊறிய தோல் மென்மையாகவே ஓடும். ஆனால் நீண்ட நேரம் ஓடும் மீனிடம் சூடேறி எண்ணெயை இழக்கும், தண்ணீர் பட்டால் வீங்கும், ஸ்டாரை இறுக்கியபடியே வைத்தால் அமுங்கி அப்படியே நின்றுவிடும். ரீலை அலமாரியில் வைப்பவருக்கும், எப்போதாவது சிறிய மீனுக்குக் கொண்டுபோகிறவருக்கும் இது போதும். ஓர் எச்சரிக்கை: பழைய ரீல்களின் உராய்வு வாஷர்கள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். சாம்பல் நிறத்தில் நார்நாராகப் பிரியும் வாஷரைக் கண்டால் தேய்க்காதீர்கள், ஊதாதீர்கள். தண்ணீரில் நனைத்து எடுத்து, பையில் கட்டி அப்புறப்படுத்திவிடுங்கள்.

வெறும் கார்பனின் பெருமை அதன் பிடி. சூட்டையும் நன்றாகத் தாங்கும். நன்னீரில் மட்டும் பயன்படுத்துகிறவர்கள் இதோடு நின்றுவிடலாம். கடலில்தான் சிக்கல். கார்பன் நெசவின் இடுக்குகளில் உப்புத் தண்ணீர் தங்கும். கார்பனும் உலோகமும் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது உலோகம்தான். சில மாதம் சும்மா கிடந்த ரீலைத் திறந்தால் உலோக வாஷரில் நெசவின் வடிவம் அப்படியே புள்ளிப் புள்ளியாகப் பதிந்திருப்பதைக் காணலாம். அந்தப் புள்ளிகள்தான் அடுத்த முறை டிராக்கை ஒட்டவைக்கின்றன.

இந்த ஒட்டல்தான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டிராக்கை வாங்குகிறவர்கள் ‘எத்தனை கிலோ பிடிக்கும்’ என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, நின்ற இடத்திலிருந்து ஓடத் தொடங்க எத்தனை கிலோ வேண்டும், ஓடும்போது எத்தனை கிலோ என்பது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் நரம்பு அறுகிறது. 15 கிலோ தாங்கும் நரம்புக்கு டிராக்கை 4 கிலோவில் வைத்திருப்பதாகக் கொள்வோம். மீன் ஓடி, ஸ்பூலில் (நரம்பு சுற்றும் உருளை) சுற்றியிருக்கும் நரம்பின் விட்டம் பாதியாகிவிட்டால், ஸ்டாரைத் தொடாமலே அந்த 4 கிலோ 8 ஆகிவிடும். நெம்பும் தூரம் பாதியாவதால் வரும் கணக்கு அது. அந்த நிலையில் மீன் ஒரு கணம் நின்று மறுபடி பாய்கிறது. தொடக்க இழுவை கால் பங்கு கூடுதலாக இருந்தால் 10 கிலோ. வெளியே கிடக்கும் நீளமான நரம்பைத் தண்ணீர் பிடித்து இழுப்பது தனி. முடிச்சோ நரம்பின் முழு பலத்தைத் தாங்காது. கரையிலே கையால் இழுத்துப் பார்த்தபோது சரியாக இருந்த டிராக் அங்கேதான் கைவிடுகிறது.

கிரீஸ் தடவிய கார்பன் இந்த இடைவெளியைக் கிட்டத்தட்ட மூடிவிடுகிறது, கூடவே உப்புத் தண்ணீரையும் வெளியே நிறுத்துகிறது. அதிகபட்சப் பிடி சற்றுக் குறையும், உண்மைதான். ஸ்டாரை இன்னும் கொஞ்சம் திருப்பினால் அது ஈடாகிவிடும்.

தடவும் விதம் முக்கியம். டிராக்குக்கென்றே விற்கும் டெஃப்ளான் கலந்த கிரீஸ் மட்டும் போடுங்கள். சாதாரண வண்டிச் சக்கர கிரீஸ் இதற்கு ஏற்றதல்ல. பட்டாணி அளவு எடுத்து, இரண்டு பக்கமும் நெசவுக்குள் இறங்கும்படி விரலால் தேய்த்து, மிச்சத்தை வழித்துவிடுங்கள். மேலே பளபளப்பு மட்டும் இருக்க வேண்டும். கட்டியாகத் தெரிந்தால் அதிகம். அதற்கு முன்னால் உலோக வாஷர்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். ஆடாவிட்டால் 400, பிறகு 600 எண் நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) அதே கண்ணாடியில் விரித்து, நனைத்து, எட்டுப் போடுவதுபோல் தேய்த்து மட்டமாக்குங்கள். கியர்க் குழியின் அடியையும் மறக்காதீர்கள். அதுவும் உராயும் முகம்தான். எல்லாம் மாட்டியபின் கொக்கித் தராசை நரம்பில் கட்டி, ரீலை ஓர் இரவு வைத்திருந்து, மெதுவாக இழுத்து அசையும் கணத்தின் அளவையும் ஓடும்போதுள்ள அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். முள் துள்ளாமல் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக வந்தால் வேலை முடிந்தது.

இங்கேயே நிறுத்தாமல் ஐந்து வாஷர் அடுக்குக்குப் போகிறவர்கள் உண்டு. மெல்லிய வாஷர்களை ஐந்தாக அடுக்கினால் ஸ்டாரின் அதே இறுக்கத்துக்கு டிராக் மூன்றில் ஐந்து பங்காகக் கூடும். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் அந்தப் பளுவைத் தாங்க வேண்டியது பழைய ரீலின் மற்ற உறுப்புகள். பித்தளை ஸ்லீவின் தட்டை முகங்கள் உருண்டுபோகும், பின்சுழல் தடுப்புக் கொக்கியின் நுனி மழுங்கும், ஸ்பூலைச் சுற்றும் சிறிய கியரான பினியனின் பற்கள் தேயும், பேக்கலைட் (பழைய வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) பக்கத்தட்டு திருகு ஓட்டையிலிருந்து விரிசல் விடும். டிராக்கைக் கூட்டுவதற்குச் செலவழிக்கும் பணத்தை முதலில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவுக்குக் கொடுங்கள் என்பேன். மூன்று கிரீஸ் கார்பன், ஒரு ஸ்டீல் ஸ்லீவ், புதிய கொக்கியும் அதன் ஸ்பிரிங்கும்: 4/0 அளவு ரீலுக்கு இது தாராளம். அந்தக் குட்டி ஸ்பிரிங் பாய்ந்து தொலைந்துபோகும் ரகம், ஆகவே பக்கத்தட்டை உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கழற்றுங்கள்.

ஸ்பூல் பிளாஸ்டிக்காக இருந்தால் அதையும் உலோகத்துக்கு மாற்றியாக வேண்டும். மோனோ (ஒற்றை இழை நைலான்) நரம்பு பளுவில் நீண்டு, இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு, பிறகு சுருங்கப் பார்க்கும். அடுக்கடுக்காகச் சேரும் அந்த அழுத்தம் பிளாஸ்டிக் ஸ்பூலின் விளிம்பைப் பிளந்துவிடும். நீளமான கைப்பிடி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, போட்டால் கைக்குச் சுகம்.

மறுவிற்பனை நோக்கம் இருந்தால் கணக்கு மாறும். ஸ்வீடனின் ஆபு அம்பாசடர் போல சேகரிப்பாளர் தேடும் ரீல் கையில் இருந்தால் எதையும் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். 1970-களின் நடுவிலிருந்து வந்தவற்றில், தூண்டிற்கோலில் பொருந்தும் அடிப்பாதத்தில் உள்ள எண்ணின் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம். அந்தப் பாதத்தை அரம் வைத்துத் தொட்டால் விலை போய்விடும். டிராக் வாஷர் மாற்றுவது திருப்பிவிடக்கூடிய வேலை என்பதால் அதில் தயக்கம் வேண்டாம். கழற்றிய அசல் உறுப்புகளை எண்ணெய் தடவி ஒரு டப்பாவில் ரீலோடு சேர்த்தே வைத்திருங்கள்.

இதுவரை சொன்னது ஸ்டார் டிராக்குக்கு. ஸ்பூலுக்குள் டிராக் இருக்கும் பழைய ஸ்பின்னிங் ரீல்களில் என் பழக்கம் குறைவு. உராய்வின் தர்மம் அங்கேயும் மாறாது என்றாலும், வாஷரின் தடிமன் பொருந்துகிறதா என்று அளந்துவிட்டே வாங்குங்கள்.

கடலிலிருந்து வந்ததும் டிராக்கை இறுக்கிவிட்டு, மெல்லிய நன்னீர் தூவலில் கழுவுங்கள். குழாயைப் பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும். துடைத்து உலர்ந்தபின் ஸ்டாரை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அடுக்கைத் திறந்து, கறுத்த கிரீஸைத் துடைத்து, புதிதாக அதே பட்டாணி அளவு.