டாரட் கற்க எந்தச் சீட்டுக்கட்டு? என் அனுபவம்

டாரட் என்ற படச் சீட்டுகளைப் பார்க்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கட்டை வாங்கலாம் என்பதுதான். ரைடர் வெய்ட் ஸ்மித் கட்டை வாங்குங்கள். மலேசியாவின் பினாங்கில் இருந்துகொண்டு சில வருடங்களாக நான் பயன்படுத்துவது அதைத்தான். தங்க விளிம்பு, பூனைப் படம் என்று கண்ணைப் பறிக்கும் கட்டுகள் எத்தனையோ உண்டு. ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு இதற்கு ஈடு இல்லை. காரணம், படங்கள்.

மொத்தம் 78 சீட்டுகள். சூரியன், நிலா, மரணம் போன்ற 22 சீட்டுகள் மேஜர் ஆர்கானா, அதாவது முதன்மைச் சீட்டுகள். மீதி 56-ம் கோப்பை, வாள், கோல், நாணயம் என்று வகைக்கு 14. பிரான்சின் பழைய மார்செய் கட்டில் ஐந்து கோப்பைச் சீட்டு என்றால் ஐந்து கோப்பைகள் மட்டும்தான் வரைந்திருக்கும். அர்த்தத்தை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். 1909-ல் லண்டனில் வெளிவந்த இந்தக் கட்டுக்கு, ஏ.இ. வெய்ட் என்ற மறைஞான எழுத்தாளர் கேட்டுக்கொண்டபடி பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் எண் சீட்டுகளிலும் காட்சிகளை வரைந்துவிட்டார். இதன் ஐந்து கோப்பைச் சீட்டில் கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர், கவிழ்ந்து கிடக்கும் மூன்று கோப்பைகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் நிமிர்ந்தே இருக்கின்றன. இதற்கு அர்த்தம் யாராவது சொல்லித்தர வேண்டுமா? கட்டின் பெயரில் வெகுகாலம் பதிப்பாளர் ரைடரும் வெய்ட்டும் மட்டுமே இருந்தார்கள். ஸ்மித்தின் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

கூடவே வரும் சின்னப் புத்தகம் ஆரம்பத்தில் அவ்வளவாக உதவாது. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு சீட்டை எடுத்து, படத்தில் என்ன நடக்கிறது என்று நோட்டில் இரண்டு மூன்று வரி எழுதுவேன். அந்த நாள் எப்படிப் போனது என்று ராத்திரி அதே பக்கத்தில் எழுதுவேன். எனக்கு டாரட்டைச் சொல்லிக்கொடுத்தது அந்த நோட்டுதான். எட்டுக் கோப்பைச் சீட்டில், அடுக்கிய கோப்பைகளை விட்டுவிட்டு ஒருவர் நிலா வெளிச்சத்தில் நடந்து போகிறார். முதல் தடவை ‘சோகம்’ என்று எழுதியிருந்தேன். பழைய வேலையை விடும் சமயத்தில் அதே சீட்டு வந்தபோது கண்ணில் பட்டது அவர் கையிலுள்ள கோலும், திரும்பிப் பார்க்காத நடையும். இரண்டும் அந்தப் படத்தில் இருப்பவைதான்.

தலைகீழாக வரும் சீட்டுகளை ஆரம்பத்தில் நேராகத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். பத்துச் சீட்டு வைக்கும் செல்டிக் கிராஸும் அப்புறம் வரட்டும். மூன்று சீட்டே நிறையப் பேசும்.

அடுத்தவர்களுக்குப் பார்ப்பது வேறு விஷயம். கிளி ஜோசியம் தெரிந்த நம் ஆட்கள், சீட்டைக் கண்டதும் பலன்தான் கேட்பார்கள். என்னோடு வேலை செய்யும் பெண், “அக்கா, அந்த கோலாலம்பூர் வேலை எனக்குக் கெடைக்குமா, பாருங்களேன்” என்றாள்.

“கெடைக்குமான்னு இதுல தெரியாதும்மா. போறதுல உனக்கு என்ன தயக்கம்னு வேணும்னா பாக்கலாம்.”

வந்தது நான்கு நாணயம். ஒரு நாணயம் தலையில், இரண்டு காலடியில், ஒன்றை மார்போடு இறுக்கிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: “இருக்கிற சம்பளத்த விட பயமா இருக்குக்கா.” அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை, தேவைப்படவும் இல்லை. மரணச் சீட்டு வந்து யாராவது பதறினால், அதில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே தெரியும் சூரியனைக் காட்டுவேன். நோய், கோர்ட்டு சம்பந்தமாக யார் கேட்டாலும் சீட்டை எடுப்பதில்லை. அவற்றுக்கு டாக்டரும் வக்கீலும் இருக்கிறார்கள்.

இது மாந்திரீகமா என்று அம்மாவுக்குப் பயம் இருந்தது. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் இது சாதாரணச் சீட்டு விளையாட்டாகத்தான் தொடங்கியது, குறி பார்ப்பது பரவியது 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில் என்று விளக்கினேன். இப்போது சில நாள் காலையில் அவரே ஒரு சீட்டு எடுத்துப் பார்க்கிறார்.

குறைகள் என்றால் இரண்டு. சீட்டு ஏறக்குறைய 7 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம், சின்னக் கைகளுக்குக் கலைப்பது சிரமம். மேசையில் பரப்பி இரண்டு கையாலும் கலைத்துவிடலாம். அடுத்தது நம் ஊர் ஈரக்காற்று. சீட்டுகள் லேசாக வளைந்து ஒன்றோடொன்று ஒட்டும், அட்டைப்பெட்டி சீக்கிரமே நைந்துபோகும். இறுக்கமாக மூடும் டின்னில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வைத்தால் பல வருடம் தாங்கும்.